பேசாமல் இருந்ததற்கு மதிப்பெண்

போன வாரம் நந்தினி போனில் கூப்பிட்டாள். நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். நாற்காலி என்பது ஒரு பேச்சுக்குத்தான். எங்கள் நிறுவனத்தில் அவரவர் வீட்டு நாற்காலிதான் ஆபீஸ் நாற்காலி. அவள் இருப்பது கோயம்புத்தூரில். நான் வேலை பார்த்தது இலஞ்சியில், எங்கள் வீட்டு மாடி அறையில்.

புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். கம்பெனிகள் அரசாங்கத்துக்கு எழுதிய காகிதங்களையெல்லாம் அதுவே படித்து மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறதாம். நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாசக்கணக்கில் படித்ததை, காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது. சந்தோஷம். எனக்குக் கண்ணாடி பவர் ஏறியதுதான் மிச்சம். ஆனால் ஓர் இடம் நந்தினிக்கு இடித்திருக்கிறது. கம்பெனி எதுவுமே பேசாவிட்டால் மென்பொருள் மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. நான் எழுதிய பழைய அறிக்கை ஒன்றில், பேசாமல் இருந்த ஒரு கம்பெனிக்கு அந்தப் பேசாமைக்கே கழித்தல் போட்டிருக்கிறேன். அது ஏன் என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் என் சிநேகிதி செண்பகம் கண்முன் வந்து நிற்கிறாள். அவளை ஒதுக்கிவிட்டு இதை எழுத என்னால் ஆகாது. நந்தினிக்கு வேண்டியதை அவள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது செண்பகத்தைத் தவிர ஊரில் யாருக்கும் கடைசிவரை பிடிபடவில்லை. வீட்டிலேயே கிடக்கிறாள், சம்பளம் மட்டும் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். விஷயம் இதுதான். பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த அரசாங்கங்கள் சட்டமும் விதியும் எழுதுகின்றன. எழுதும்போது எல்லோரிடமும் கருத்துக் கேட்கின்றன. பெரிய கம்பெனிகள் ஊருக்கு ஒன்று சொல்லும், அங்கே போய் வேறொன்று சொல்லும். விளம்பரத்தில் பச்சைப் பசேல் என்று இருக்கிறவர்கள், விதி எழுதுகிறவர் முன்னால் போய் இப்போது வேண்டாம், இப்படி வேண்டாம் என்று கையைப் பிசைவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இந்தக் கம்பெனி சட்டத்துக்குத் துணை நிற்கிறதா, காலை வாருகிறதா என்று மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. துணை நின்றால் கூட்டல். காலை வாரினால் கழித்தல். வழவழ கொழகொழ என்று பேசினால் பூஜ்யம். சான்றே கிடைக்கவில்லை என்றால் காலி. பூஜ்யமும் காலியும் ஒன்றில்லை. பூஜ்யம் என்றால் வாயைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் இதற்கு வந்தது மின்வாரியக் கணக்குப் பிரிவிலிருந்து. அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தம்பி குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறான். நான் தனி ஆள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மின்சார விதிகள் தெரிந்த, தமிழும் இங்கிலீஷும் படிக்கிற ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று திரையில் என்னென்னவோ காட்டினார்கள். என்னை உருப்படியாக்கியது என் மேலதிகாரி லீலா மேடம்தான்.

லீலா மேடத்துக்குத் திருவனந்தபுரம், இருந்தது சென்னையில். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை நான் பார்த்தது கொஞ்சம்தான். கேமராவை அணைத்துவிட்டுக் குரலாக மட்டும் வருவார். நான் எழுதியதை ஒவ்வொரு வாக்கியமாக, ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வாசிப்பார். ஓர் இடத்தில் நிறுத்துவார். "எங்கே?" என்பார். அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்குச் சான்று எங்கே இருக்கிறது என்று அர்த்தம். காகிதத்தின் பக்கத்தை நான் சொன்னால் அடுத்த வாக்கியத்துக்குப் போவார். சொல்லத் தெரியாவிட்டால் அந்த வாக்கியம் அங்கேயே செத்தது. நன்றாயிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள், எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கெல்லாம் எதற்குச் சான்று என்று கேட்டுவிட்டேன். "எல்லார்க்கும் தெரிஞ்சதை எழுதுறதுக்கு நமக்கு எதுக்கு சம்பளம்?" என்றார். சான்றைத் தேடப் போனேன்.

இரண்டு பழக்கங்கள் அவரிடமிருந்து எனக்கு ஒட்டின. ஒன்று, எந்தக் காகிதத்தையும் கடைசிப் பத்தியிலிருந்து படிப்பது. முதல் பத்தியில் எல்லாக் கம்பெனியும் பூமித்தாயை வணங்கும். கேட்க வந்ததைக் கடைசியில்தான் கேட்கும். இன்னொன்று, அடைமொழி போடாதது. 'கடுமையான எதிர்ப்பு' என்று எழுதினால் 'கடுமையான' போய்விடும். அடைமொழியெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு என்பார். முதல் பழக்கத்தால் எனக்குச் சொந்த வாழ்க்கையில் பல தொல்லைகள் வந்தன. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெண் யாரென்று பார்க்காமல், நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும் வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். செண்பகம் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

செண்பகமும் நானும் தென்காசியில் ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே கல்லூரி. அவளுக்கு மேலகரத்தில் வீடு. காற்றாலைக் கம்பெனி ஒன்றில் வெகுகாலம் இருந்தாள். சுரண்டைப் பக்கம் காத்தாடி நட நிலம் பேசுவது, விவசாயிகளோடு மல்லுக்கு நிற்பது, கலெக்டர் ஆபீசுக்கு அலைவது எல்லாம் அவள்தான். வாய் ஓயாதவள். அருவிக்கு அடியில் நிற்கும்போதும் பேசுவாள். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது, ஆனால் வாய் அசைந்துகொண்டே இருக்கும். வெளியே வந்து துவட்டும்போது, நான் சொன்னதுக்கு நீ ஒன்றுமே சொல்லலையே என்று சண்டைக்கு வருவாள்.

ஆனி, ஆடிச் சாரல் மாதங்களில் விடிகாலையில், ஊருக்கு ரோடு பிரிகிற இலஞ்சி விலக்கில் சந்திப்போம். அங்கே பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. அவள் ஸ்கூட்டரை டீக்கடைப் பக்கம் நிறுத்துவாள், இரண்டு பேரும் குற்றாலத்துக்கு நடப்போம். கூட்டம் வருமுன் குளித்துவிட்டு, மங்குஸ்தான் வந்திருந்தால் பேரம் பேசி வாங்கிக்கொண்டு திரும்புவோம். வீட்டில் அப்பாவுக்குப் பேச்சு குழறிவிட்டது. சமையலுக்கும் அப்பாவைப் பார்க்கவும் வருகிற மாரியம்மாள் வந்த வேலையைப் பார்ப்பாள். மாடியில் லீலா மேடத்தின் "எங்கே?" மட்டும். ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அந்த ரோட்டில்தான். மற்ற மாதங்களில் அவள் மாலையில் வீட்டுக்கே வருவாள்.

பிறகு அவளுக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. உலகமெல்லாம் பெயர் தெரிந்த ஒரு தொழில்நுட்பக் கம்பெனி. பெயர் வேண்டாம், உங்கள் கைப்பேசியிலும் அவர்கள் சரக்கு ஏதாவது இருக்கும். டேட்டா சென்டர்களுக்கு அவர்கள் வாங்குகிற காற்று மின்சாரம் எங்கள் பக்கத்துக் காத்தாடிகளிலிருந்து போகிறது. அரசாங்கத்தோடும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தோடும் பேச, இந்தப் பக்கத்துக்கு அவளைப் பிரதிநிதியாகப் போட்டார்கள். செங்கோட்டையிலிருந்து நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்து சொன்னாள். "எங்க கம்பெனிக்கும் ஒரு நாள் மார்க்கு போடுவியாட்டி?" என்று கேட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். எந்தக் கம்பெனி எப்போது வரும் என்று அப்போது எனக்கே தெரியாது.

ஒருநாள் குற்றாலத்திலிருந்து திரும்புகையில் அவள் சொன்னது இந்தக் கதைக்கு முக்கியம். சாரல் மாதங்களில் காத்தாடி சுற்றுகிற சுற்றில் மின்சாரம் கொட்டும். கம்பெனி அதையெல்லாம் வாங்கிக் கணக்கில் வைத்துக்கொண்டு, வருடம் முழுக்கத் தான் ஓடுவதே காற்று மின்சாரத்தில்தான் என்று சொல்லிக்கொள்ளும். "மார்கழியில காத்தாடி சும்மா நிக்குது. நாங்க வருசம் பூரா காத்துலதான் ஓடுதோம்னு போர்டு வச்சிருக்கோம். சிரிப்பாணியா வருதுட்டி" என்றாள்.

அந்த ஏமாற்றுக்குத்தான் ஆணையம் பிறகு ஒரு வரைவு விதி கொண்டுவந்தது. பெரிய நுகர்வோர் அந்தந்த மாதத்துக்கு அந்தந்த மாதமே பசுமை மின்சாரம் வாங்கிக் காட்ட வேண்டும். சாரலில் வாங்கியதை மார்கழிக்குக் கணக்குக் காட்டக்கூடாது. அப்படியென்றால் மின்சாரத்தைச் சேமித்து வைக்கவும், காற்று இல்லாத மாதத்துக்குச் சூரிய ஒளிக்கும் கம்பெனிகள் முதல் போட்டாக வேண்டும். நியாயமான விதி. தொழிலதிபர்களின் கூட்டமைப்பு ஒன்று வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தது. அந்தக் கூட்டமைப்பின் மின்சாரக் குழுவில் செண்பகத்தின் கம்பெனி உறுப்பினர். கம்பெனி தன் பெயரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மாதம் எனக்கு வந்த கோப்பு அந்தக் கம்பெனியுடையது.

எங்கள் விதிப்படி அன்றைக்கே அறிவித்தேன். வெளிப்படுத்தல் படிவத்தில் உறவினர் உண்டா, பங்கு முதலீடு உண்டா என்று கட்டங்கள் இருக்கும். சிநேகிதிக்குக் கட்டம் இல்லை. போனில் சொன்னேன். லீலா மேடம் நெருக்கமா என்று கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். சீசனில் தினமும் என்றேன். பிறகு இரண்டு வழி சொன்னார். கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அல்லது கோப்பு என் கையில் இருக்கும்வரை அவளோடு எந்தத் தொடர்பும் கூடாது. ஏன் என்றும் சொல்லக்கூடாது. வரைவு அறிக்கை அவர்கள் கைக்குப் போகும்வரை மதிப்பீடு நடப்பதே கம்பெனிக்குத் தெரியக்கூடாது. போன பிறகும் எழுதியது யாரென்று தெரியக்கூடாது. உன்னைப் பார்க்க முடியாது என்று நான் சொன்னாலே அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள்.

கோப்பைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யாரிடம் கொடுப்பது? பாதிச் சான்று தமிழில் இருந்தது. மின்சார விதிகள் தெரிந்த, தமிழ் படிக்கிறவர் அப்போது எங்களில் வேறு யாரும் இல்லை. நான் விட்டால் அந்தக் கட்டம் காலிதான். பூமித்தாயை வணங்கும் முதல் பத்திகளை வைத்துக்கொண்டு கம்பெனி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும். எனக்கு அது பொறுக்காது. கோப்பை வைத்துக்கொள்கிறேன் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த நாள் விடிகாலை நான் விலக்குக்குப் போகவில்லை. போன் அடித்து அடித்து நின்றது. சாயங்காலம் அவளே வந்துவிட்டாள். மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நான் நிற்கிறேன், கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் அவள். "ஏட்டி கோமு, ஒடம்புக்கு என்ன?" என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தாள். கோமதி என்ற என் பெயரை அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம். மாரியம்மாளை விட்டு, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டையே பார்த்தார், என்னவோ கேட்டார். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி தலையணையைச் சரிசெய்தேன். பிறகும் சில சாயங்காலங்கள் வந்தாள். அப்புறம் வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

வரைவு விதி பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கூட்டத்துக்கு நேரில் போவது எங்கள் வழக்கமில்லை. லீலா மேடம்தான் போகச் சொன்னார். பொதுமக்கள் யாரும் வரலாம் என்று அறிவிப்பில் இருந்தது. கடைசி வரிசையில் உட்காரணும், யாருடனும் பேசக்கூடாது, கேட்டதை மட்டும் எழுதணும் என்றார்.

முகூர்த்தம் முடிந்த மண்டபம். வாசலில் வாழைமரம் வாடிக் கிடந்தது, உள்ளே சந்தனமும் சாம்பாரும் கலந்து ஒரு வாடை. மேடையில் மணமக்கள் உட்காரும் சிம்மாசனத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆணையத்தார் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கூட்டமைப்பு ஆட்கள், சட்டையில் அட்டை குத்திக்கொண்டு. அவர்களோடு செண்பகம், நீலப் புடவையில். நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்துவிட்டாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இங்கன வா என்று கண்ணைக் காட்டினாள்.

நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திரும்ப அந்த நாற்காலியிலேயே வைத்தாள். அதற்குப் பிறகு திரும்பவில்லை.

திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, விதியெல்லாம் இருக்கட்டும், எங்கள் பம்ப் செட்டுக்கு எப்போது முழு நேரம் கரண்ட் வரும் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், மேடையில் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் கூட்டமைப்புத் தலைவர் எழுந்தார். விதியின் நோக்கத்தை வரவேற்கிறோம் என்று ஆரம்பித்தார். நான் பேனாவை மூடி வைத்துக்கொண்டு கடைசிக்காகக் காத்திருந்தேன். கடைசியில் வந்தது. இந்த விதியைக் கைவிட வேண்டும், இதுதான் எங்கள் உறுப்பினர்கள் அனைவருடைய ஒருமித்த கருத்து என்றார். உறுப்பினர்களில் இதற்கு மாற்றுக் கருத்துள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று ஆணையத்தின் தலைவர் மேடையிலிருந்து கேட்டார். நான் செண்பகத்தின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருவிக்கு அடியில்கூட வாயை மூடாதவள். தலையைக் குனிந்துகொண்டாள். பேசவில்லை.

அவளைப் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று. யார் சொல்லித் தெரிய வேண்டும்?

கழித்தல் போடுவதா, காலியாக விடுவதா என்று லீலா மேடமும் நானும் பேசிய பேச்சுத்தான் என் வேலையிலேயே பெரிய வழக்கு. சாதாரணமாக, கூட்டமைப்பு சொன்னதை உறுப்பினர் தலையில் அப்படியே கட்டமாட்டோம். எத்தனையோ பேர் பேருக்கு உறுப்பினராக இருப்பார்கள். இங்கே கம்பெனி அந்தக் குழுவிலேயே இருக்கிறது. அதன் ஆள் முன்வரிசையில் இருக்கிறாள். மாற்றுக் கருத்து உண்டா என்று நேராகக் கேட்டிருக்கிறார்கள். ஆணையம் வெளியிட்ட கூட்டப் பதிவில் வந்தவர்கள் பெயரும் இருக்கிறது, கேட்ட கேள்வியும் இருக்கிறது, யாரும் எழவில்லை என்பதும் இருக்கிறது. நான் அதை எழுதினேன். லீலா மேடம் வழக்கம்போல் வாசித்துக்கொண்டே வந்தார், எங்கேயும் நிறுத்தவில்லை. முடித்ததும் நான்தான் நிறுத்தினேன்.

"மேடம், அவ இந்த விதிக்கு ஆதரவுதான். எனக்குத் தெரியும். என்கிட்டயே சொல்லியிருக்கா."

"எங்கே?" என்றார்.

இலஞ்சி ரோட்டில் என்று சொல்லவா முடியும்?

"கோமதி, அவங்க மனசுல என்ன இருக்குன்னு நம்ம எழுதலை. கம்பெனி அங்கே என்ன செஞ்சதுன்னு எழுதுறோம். நிங்களுக்குத் தெரிஞ்சது சான்று இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கழித்தல் போட்டோம். செண்பகத்தின் பெயரை எழுதவில்லை, 'கம்பெனியின் பிரதிநிதி' என்று எழுதினேன். கைப்பை எடுத்த நாற்காலியைப் பற்றியும் எழுதவில்லை.

வரைவு அறிக்கை கம்பெனிக்குப் போயிற்று. பதில் வந்தது. எங்கள் பிரதிநிதி கவனிப்பதற்காக மட்டுமே வந்திருந்தார், மௌனத்தை ஒரு நிலைப்பாடாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சப்பைக்கட்டு. படித்துவிட்டு, செண்பகமாவது கவனிக்க மட்டும் போகிறவளாவது என்று நான் தனியே மாடியில் சத்தமாகச் சிரித்தேன். மாரியம்மாள் கீழேயிருந்து, அக்கா, யாரு வந்திருக்கா என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை. அறிக்கை வெளியானது.

அதோடு முடிந்திருந்தால் நான் அன்றைக்கே மேலகரத்துக்கு ஓடியிருப்பேன். ஒவ்வொரு வருடமும் அதே கம்பெனியைத் திரும்ப மதிப்பிட வேண்டும். கோப்பு மூடுவதே இல்லை. வேறு தமிழ் ஆளும் வரவில்லை. வருடம் வருடமாகப் போயிற்று. சாரல் வரும், மொட்டை மாடியில் நின்றால் குற்றால அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும், பார்த்துவிட்டு இறங்கி வந்து காகிதத்தைப் பிரிப்பேன்.

அப்பா போனபோது அவள் வந்தாள். துக்கத்துக்கு வருகிறவளை எந்த விதி தடுக்கும்? பெண்களோடு பெண்ணாக என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. அவள் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அது இரண்டாவது தடவை. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், விதிப்படி லீலா மேடத்திடம் தொடர்பை அறிவித்தேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. "அதெல்லாம் எழுத வேண்டாம்" என்றார்.

அதற்கு அடுத்த சுற்றில், திருத்திய வரைவு விதிக்கு அந்தக் கம்பெனி முதல் தடவையாகத் தன் பெயரிலேயே கருத்து அனுப்பியிருந்தது, தமிழில். வழக்கப்படி கடைசிப் பத்தியிலிருந்து படித்தேன். விதியை ஆதரிக்கிறோம், கூட்டமைப்பின் கருத்து எங்கள் கருத்தல்ல என்று இருந்தது. மேலே போனேன். 'மார்கழியில் காற்றாலைகள் நிற்கின்றன' என்று ஒரு வரி. குற்றால ரோட்டில் செண்பகம் சொன்ன அதே வார்த்தை. கூட்டல் போட்டேன், உச்ச மதிப்பெண். என் வேலையில் அப்படி ஒரு சந்தோஷமான நாள் வந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆளிடம் சொல்லக்கூடாது. மாரியம்மாளிடம், இன்றைக்குப் பாயசம் வை என்றேன். என்ன விசேஷம் என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு நந்தினி வந்தாள், நான் ஓய்வு பெற்றேன். கோப்பு என் கையை விட்டுப் போனதும், இனி யாரையும் பார்க்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஒரு பை மங்குஸ்தானோடு மேலகரத்துக்குப் போனேன். செண்பகம்தான் கதவைத் திறந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எதிரே உட்கார்ந்தாள். நான் மென்று விழுங்கி, அந்த அறிக்கையை எழுதியது நான்தான் என்றேன்.

"வரைவு வந்த அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள். "பக்கம் பக்கமா எழுதியிருக்கு, ஒரு அடைமொழி கெடையாது. செத்த வீட்டு போஸ்டர்லகூட நாலு அடைமொழி இருக்கும். ஒன்னைய விட்டா எவ எழுதுவா?"

கம்பெனியில் அவள் மேல் வருத்தப்பட்டார்களா என்று கேட்டேன். முதலில் அவளைத்தான் பிடித்துக் காய்ச்சினார்களாம், ஏன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாய் என்று. பிறகு அவளும் விடவில்லை. பேசாமல் இருந்ததற்கே கெட்ட பெயர் வந்திருக்கிறது, பேசித் தொலைப்போமே என்று என் அறிக்கையைக் காட்டிக் காட்டியே அவர்களை எழுத வைத்தாளாம். எழுதியதும் அவளேதான். இதைச் சொல்லும்போது பழைய செண்பகம் மாதிரியே கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

சட்டென்று நிறுத்தினாள். பையிலிருந்த மங்குஸ்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் பேசாம இருந்தேன், மார்க்க கொறச்ச. அது சரிதான், ஒண்ணும் சொல்ல மாட்டேன். இத்தன வருசம் நீ பேசாம இருந்தியே, அதுக்கு யாருட்டி மார்க்கு போடுவா?"

விதி அப்படி என்று சொல்ல வாய் வந்தது. அவளுக்குத் தெரியாத விதியா? அவளையும்தான் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதை ஒரு காரணம் என்று நான் எடுத்துக்கொண்டேனா?

எழுந்து வரும்போது, இந்தச் சாரலுக்குக் குளிக்கப் போவோமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் கணக்கில் அது பூஜ்யம். காலி இல்லை.

நந்தினி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். பேசாதவர்களின் கட்டத்தைக் காலியாக விடாதே. அவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களை யார் என்ன கேட்டார்கள் என்று பார். அதற்குச் சான்று இருந்தால் மதிப்பெண் போடு. அவர்கள் மனசு உனக்குத் தெரிந்திருந்தாலும் போடு. மென்பொருளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க முடிந்தால் சொல்லிக்கொடு.

இந்த வருடம் சாரல் பிடித்துவிட்டது. விடிகாலையில் துண்டையும் மாற்றுப் புடவையையும் பையில் வைத்துக்கொண்டு இலஞ்சி விலக்குக்குப் போய்விடுகிறேன். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொள்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் எடுக்கியளா என்று கேட்கிறார்கள்.

"ஆளு வருது" என்று சொல்லுகிறேன்.